ஆய்வாளன் யாருக்குக் கடனாளி?

“இதனால் யாருக்கு என்ன பயன்?” என்னும் வினா மிகப் பழையது. உழவனிடம் எவரும் அதனைக் கேட்பதில்லை. கொல்லனிடமோ தச்சனிடமோ கேட்பதில்லை. பாட்டு எழுதுபவனிடமும், விண்மீன்களை எண்ணுபவனிடமும், இயற்கையின் மூலைமுடுக்குகளைத் துருவி ஆராய்பவனிடமுமே அது திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. கலேவெல போன்ற ஒரு சிற்றூரில் உயர்தர வகுப்பிற் படிக்கும் மாணவன் ஒருவன், தனக்கு மருத்துவமும் வேண்டாம், பொறியியலும் வேண்டாம், பௌதிகவியல் ஆய்வே வேண்டும் என்று வீட்டிற் சொல்வானாயின் அவன் செவியில் விழும் முதற் சொற்கள் இவையாகவே இருக்கும். தந்தை கேட்பார், மாமன் கேட்பார், தந்தைக்குக் கடன் கொடுத்தவரும் கேட்பார். அவர்கள் கேட்பதிற் குற்றமில்லை. வயலை ஈடுவைத்துப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு.

ஆனால், அதே வினாவை முற்போக்காளராகிய நாமும் கேட்கிறோம். பட்டினியும் வேலையின்மையும் மலிந்த நாட்டில், எவருக்கும் விளங்காத ஒரு பொருளின் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று ஆராய்வதற்கு மக்கள் பணத்தைச் செலவிடலாமா என்று நம் கூட்டங்களிற் கேட்கப்படுகிறது. அரசாங்கத்தின் நிதி அதிகாரிகளும் ஏறத்தாழ அதே சொற்களாற் கேட்கிறார்கள். இரு தரப்பாரும் ஒரே சொற்களைப் பயன்படுத்துவதைக் கண்டு நாம் சற்றே ஐயுறவேண்டும். அதிகாரி எதிர்பார்ப்பது வருவாயை; நாம் எதிர்பார்ப்பது நீதியை. வருவாய்க்கென உருவாக்கப்பட்ட அளவுகோலால் நீதியை அளக்க முடியுமா? பொதுப்பட விவாதித்தால் இவ்வினாவுக்கு விடை கிடையாது என்பது என் எண்ணம். ஆகவே, ஓர் ஆய்வாளரின் வாழ்வை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அவர் பெயர் சந்திரசேகர். பெயரைக் கேட்டவுடன் விண்மீன்களின் இறுதிநிலையை ஆராய்ந்து 1983இல் நோபெல் பரிசு பெற்றவரை எவரும் நினைத்தல் கூடும். அவரல்லர் இவர். இருவருமே சி. வி. ராமனின் குடும்பத்தினர், முன்னவர் ராமனின் சகோதரர் மகன், பின்னவர் சகோதரியின் மகன். விண்மீன்காரர் நோபெல் பரிசு பெற்ற அதே 1983ஆம் ஆண்டில் நம் சந்திரசேகர் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டமை, பெயர்க் குழப்பத்தை மேலும் பெருக்கிற்று. இவருடைய துறை மிகவும் தாழ்வான ஓரிடத்திலே தொடங்குவது: குழம்பு, கூழ், பசை, சவர்க்கார நுரை, தயிர்.

அத்துறைக்கு மேனாட்டார் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மென்பொருள்’ என்று வரும். அச்சொல்லைக் கணினித் துறையார் முன்னமே கைப்பற்றிவிட்டமையால் நாம் ‘மென்சடம்’ என்போம். உலர்வலயத்தில் மண்சட்டியில் உறைய விடப்படும் எருமைத் தயிரை எண்ணிப் பாருங்கள். அதிற் பெரும்பங்கு நீரே. ஆயினும் சட்டியைச் சரித்தால் அது வழிவதில்லை. கரண்டியை இட்டால் வெட்டுப்படுகிறது. வெட்டிய இடத்தில் நீர் கசிகிறது. அது திண்மமா, திரவமா? பாலிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று கொளுவி வலையொன்றைப் பின்னி, அவ்வலைக்குள் நீரைச் சிறைப்பிடித்திருக்கின்றன. மிகச் சிறிய மாற்றம் ஒன்றினால் முழுப் பொருளின் இயல்பும் மாறிவிடுவதே மென்சடங்களின் தனிப்பண்பு. ஓர் அகப்பை உறைமோர் ஒரு சட்டிப் பாலை இரவோடிரவாக வேறொன்றாக்கிவிடுகிறது. இதனை நம் தாய்மார் அறிவர். பல்கலைக்கழகங்கள் இதனை ஒரு துறையாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது.

1888இல் பிராக் நகரிலிருந்த ரைனிட்சர் என்னும் தாவரவியலாளர், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ரெறோலைக் கொண்டு ஆக்கிய சேர்வையொன்றைச் சூடாக்கினார். அது 145.5 பாகையில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று. மேலும் சூடாக்க 178.5 பாகையில் அக்கலக்கம் மறைந்து தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள்! ஜெர்மானியரான லேமன் அதனை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, இது திரவம் போல ஓடுகிறது, ஆனால் பளிங்கு போல ஒளியைப் பிரிக்கிறது என்று கண்டு ‘திரவப் பளிங்கு’ என்றார். அறிஞருலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பளிங்கென்றாற் பளிங்கு, திரவமென்றால் திரவம். இரண்டும் சேர்ந்த ஒன்று இருக்க முடியாது என்று தம்மான் போன்ற பேரறிஞர் பல்லாண்டுகள் வாதாடினர். அசுத்தம் கலந்த குழம்பே அது என்றனர். நீர் கொதித்து ஆவியாவதையும் உறைந்து பனிக்கட்டியாவதையும் அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு எடுத்துக்காட்டாக எங்கெல்ஸ் எழுதியது இவ்விதழின் வாசகர் பலருக்கு மனப்பாடம். அவ்வெடுத்துக்காட்டின் இரு எல்லைகளுக்குமிடையே, நீருக்கன்றி வேறு பல பொருள்களுக்கு, இன்னும் எத்தனையோ நிலைகள் ஒளிந்துகிடந்தன என்பது அவர் காலத்தில் தெரியவரத் தொடங்கியிருந்ததேயொழிய நிலைநாட்டப்படவில்லை. வகுப்பெல்லைகளை இயற்கை மதிப்பதில்லை.

சந்திரசேகர் 1930இல் கல்கத்தாவிற் பிறந்தார். நாக்பூர்ப் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, பெங்களூரில் ராமனின் ஆய்வு நிலையத்தில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்று கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் மீண்டும் ஒரு கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு அவர் ஆராய்ந்தது வன்பளிங்குகளையே. அதன்பின் இலண்டனிற் சில ஆண்டுகள். இதுவரையில் இது வழக்கமான வாழ்க்கை வரலாறு. ஐம்பதுகளில் வெளிநாடு சென்ற நூற்றுக்கணக்கான ஆசியப் பட்டதாரிகளின் வரலாறு. அவர்களுட் பலர் அங்கேயே தங்கினர். இவர் 1961இல் திரும்பி வந்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்திற் புதிதாக நிறுவப்பட்ட பௌதிகவியற் பகுதியின் முதற் தலைவரானார்.

இவ்விடத்திற் சற்றே தரித்து நோக்கவேண்டும். புதிதாகத் தொடங்கிய ஒரு மாகாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பகுதியை எண்ணிப் பாருங்கள். நாற்காலி முதல் நுணுக்குக்காட்டி வரை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் எழுதவேண்டும். பெரும் பணமும் பெரும் இயந்திரங்களும் வேண்டிய அணுக்கருத் துறை அன்று எங்கும் கொடிகட்டிப் பறந்தது. மத்திய அரசுகளின் ஆதரவும் அதற்கே. அத்தகைய இடத்திலிருந்துகொண்டு ஒருவர் செய்யக்கூடியது என்ன? சந்திரசேகர் தெரிந்தெடுத்தது, உலகம் பெரும்பாலும் மறந்துவிட்டிருந்த திரவப் பளிங்கை. ஒரு நல்ல நுணுக்குக்காட்டி, முனைவாக்கி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் அடுப்பு, கைதேர்ந்த ஓர் இரசாயனவியலாளர், இவையிருந்தால் தொடங்கலாம். ஏழை நாட்டு ஆய்வாளனுக்கு இது மிகக் கூரிய தெரிவு. செல்வந்த நாடுகளின் நாகரிகத்தைப் பின்தொடர்ந்து என்றும் இரண்டாமிடத்தில் நிற்பதைவிட, தன் கைக்கு எட்டும் கருவியினால் முதலிடத்தில் நிற்கக்கூடிய பிரச்சினையைத் தேடிக்கொள்வது. தன்மானமுள்ள ஓர் அறிவுக் கொள்கை என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

ராமன் 1970இல் மறைந்தார். அடுத்த ஆண்டு சந்திரசேகர், மைசூரில் தம்மோடு உழைத்தவர் சிலரையும் அழைத்துக்கொண்டு பெங்களூருக்குச் சென்று ராமன் ஆய்வு நிலையத்தில் திரவப் பளிங்கு ஆய்வுகூடத்தை அமைத்தார். 1973 டிசம்பரில் அத்துறையின் சர்வதேச மாநாடொன்று பெங்களூரிலேயே நடந்தது. 1977இல் நிகழ்ந்தது அவருடைய பெயரை நிலைநாட்டிய கண்டுபிடிப்பு. அதுவரை அறியப்பட்ட திரவப் பளிங்குகளின் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஈர்க்குப் போல நீண்டவை. நீண்ட மூலக்கூறுகளே அவ்வாறு ஒழுங்காக அணிவகுக்கும் என்பது பொதுநம்பிக்கை. நாணயம் போல வட்டமான, தட்டையான மூலக்கூறுகள் என்ன செய்யும்? சதாசிவா என்னும் இரசாயனவியலாளர் அத்தகைய சேர்வைகளை ஆக்கினார். சுரேஷ் என்பவரும் ஆய்விற் சேர்ந்தார். அந்த நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தூண்களாகி நிற்பதையும், தூண்கள் ஒழுங்காக அணிவகுத்திருக்க, ஒவ்வொரு தூணினுள்ளும் நாணயங்கள் திரவம் போல ஒழுங்கின்றி இருப்பதையும் எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டின. இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ அனுப்பாமல், பெங்களூரில் நான்காண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்ட ‘பிரமாணா’ என்னும் இந்திய இதழிலேயே மூவரும் அதனை வெளியிட்டனர். வெளிநாட்டு இதழில் அச்சேறினாலன்றி எதுவும் அறிவாகாது என்று எண்ணுகின்ற நம் பல்கலைக்கழகப் பதவியுயர்வுக் குழுக்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

சரி, பயன்? அன்று எவரேனும் கேட்டிருந்தால் சந்திரசேகர் நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை, தெரியாது என்பதே. இருபதாண்டுகள்கூடக் கழியுமுன் பயன் வந்தது. கணினித் திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் படம் மங்கி நிறம் தலைகீழாகும் குறையை நீக்குவதற்கு, ஜப்பானிய நிறுவனமான புஜி பிலிம் 1990களில் மென்படலமொன்றைச் செய்து விற்றது. அப்படலத்தில் அணிவகுத்து நின்றவை தட்டு வடிவ மூலக்கூறுகளே. இலாபம் எங்கே சென்றது என்று எழுதவேண்டியதில்லை. மைசூரில் நாற்காலிக்கு விண்ணப்பம் எழுதிய காலத்திலிருந்து அக்கண்டுபிடிப்பைத் தாங்கிவந்தது இந்திய மக்களின் வரிப்பணம். திரையை விலைகொடுத்து வாங்கியவர்களும் அதே மக்கள்.

ஆகவே, ‘பயனற்ற ஆய்வு’ என்று நாம் கண்டிக்கும்போது தவறான இடத்தில் அடிக்கிறோம். ஆய்விற் பயனில்லாமற் போகவில்லை; பயன் கைமாறிப் போயிற்று. சந்திரசேகர் இதனை உணர்ந்திருந்தார் போலும். 1991இல் அவர் பெங்களூரில் திரவப் பளிங்கு ஆய்வுக்கெனத் தனி நிலையமொன்றை நிறுவினார். அரசுத் துறை நிறுவனமாகிய பாரத் எலெக்ரோனிக்ஸ் அதற்கு இடமளித்தது. 2004இல் இறக்கும்வரை அவர் உழைத்தது அங்கேதான். ஆயினும் ஒரு நிலையத்தினால் ஒரு கைத்தொழிலையே உருவாக்கிவிட முடியாது. அது ஓர் ஆய்வாளனின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பொருளாதாரம்.

இனி, நம் தரப்பு வாதத்தை அதன் மிக வலிமையான வடிவிற் பார்ப்போம். அதனைச் சொன்னவர் ஜே. டி. பேர்னல். பளிங்கியலில் மேதை, பொதுவுடைமையாளர், திரவப் பளிங்கு ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. புகையிலையைத் தாக்கும் வைரசுக் கரைசல் திரவப் பளிங்காக அமைவதை 1936இல் வெளியிட்ட குழுவில் அவரும் ஒருவர். 1939இல் வெளிவந்த ‘விஞ்ஞானத்தின் சமுதாயப் பணி’ என்னும் அவருடைய நூல், விஞ்ஞானம் முதலாளிகளின் இலாபத்துக்கும் போருக்கும் கூலியாளாக இருப்பதை விரிவாகக் காட்டி, மானிடத் தேவைக்கேற்ப அது திட்டமிடப்படவேண்டுமென வாதித்தது. அதற்கு எதிராகப் பொலன்யி முதலியோர், ஆய்வாளனை அவன் போக்கில் விடுங்கள், திட்டமிட்டால் அறிவு செத்துவிடும் என்றனர். நம் தலைமுறையிற் பலர் பேர்னலின் பக்கமே நின்றோம். இன்றும் அவருடைய குற்றச்சாட்டு முழுவதும் உண்மை என்றே கருதுகிறேன். ஆனால் அவருடைய மருந்தை ஆராயாமல் விழுங்க முடியாது. 1948இல் சோவியத் நாட்டில் லிசென்கோவின் கொள்கை அரசாணையாகி, பரம்பரையியல் ஆய்வாளர் வெளியேற்றப்பட்டபோது, பேர்னல் அதனை நியாயப்படுத்தினார். அது பெரும் பிழை. அப்பிழைக்கு வழிகாட்டிய சொற்கள் எவை? ‘மக்களுக்குப் பயன்’ என்னும் அதே சொற்கள்.

திரவப் பளிங்கின் வரலாற்றிலேயே இதனினும் கொடிய ஒன்று உண்டு. லெனின்கிராட்டிலிருந்த பிரெடெரிக்ஸ் என்னும் பௌதிக விஞ்ஞானி, வெளியிலிருந்து காந்தப்புலத்தையோ மின்புலத்தையோ ஏவினால் மெல்லிய திரவப் பளிங்குப் படலத்தின் மூலக்கூறுகள் ஒரு குறித்த வலிமையைத் தாண்டியதும் திடீரெனத் திசைதிரும்புகின்றன என்பதை 1920களின் பிற்பகுதியில் ஆராய்ந்து காட்டினார். கைக்கடிகாரத்திலும் கணிப்பானிலும் மின்சாரம் எழுத்தை எழுதுவது அவ்விளைவினாலேயே. இன்றும் அத்துறையில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1936இல் அவர் கைதுசெய்யப்பட்டார். சிறையும் தண்டனை முகாமும் அவர் உடலை அழித்தன, 1944இல் இறந்தார். இதனை எதிரியின் பிரசாரம் என்று நம் இதழ்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தன. மக்கள் பெயரால் ஆட்சி செய்தவர்கள், மக்களுக்குப் பெரும்பயன் தரவிருந்த ஓர் ஆய்வாளனை அழித்தார்கள். பயன் எது என்பதை முன்கூட்டியே அறிந்துவிட்டதாக எண்ணும் அதிகாரம், சிவப்புக் கொடியின் கீழும் அதிகாரமே.

இவற்றையெல்லாம் வைத்து நோக்கும்போது, வினாவை நாம் நிறுத்தவேண்டிய இடம் வேறு என்று எனக்குப் படுகிறது. தனித்தனி ஆய்வை நோக்கி ‘இதனால் யாருக்கு என்ன பயன்?’ என்று கேட்பது வீண், சிலவேளை கொடுமை. ஆனால் ஆய்வு நடக்கும் நிலையத்தை நோக்கி, அதன் வாயிலை நோக்கிக் கேட்டால் அது கூரிய வினாவாகிறது. உள்ளே யார் நுழைய முடிகிறது? வெளியே யார் நிறுத்தப்படுகிறார்? கண்டறிந்தது எம்மொழியில், யாருக்குச் சொல்லப்படுகிறது? விளைச்சல் எவர் களஞ்சியத்துக்குப் போகிறது?

சந்திரசேகரின் வாழ்வையே இவ்வினாவுக்கு உட்படுத்துவோம். அவர் ராமனின் மருமகன். திறமையினாலேயே உயர்ந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்திறமைக்குப் பிறப்பிலேயே ஒரு வாயில் திறந்திருந்தது. அதே ராமனின் ஆய்வுகூடத்தில், அவர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் இருந்த காலத்தில், 1940 முதல் அன்னா மணி என்னும் பெண் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். இரவும் பகலும் உழைத்து, தனியொருவராக ஐந்து ஆய்வுரைகளை வெளியிட்டு, 1945இல் கலாநிதிப் பட்டத்துக்கான நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்று சொல்லிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் பின்னர் வானிலைத் துறையிற் பெரும்பெயர் பெற்றார் என்பது உண்மை. அதைச் சொல்லி மறுப்பை மறக்கச் செய்வது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

மென்சடத் துறைக்கே வந்தால், அதன் தொடக்கத்தில் நிற்பவருள் ஒருவர் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அக்னெஸ் பொக்கெல்ஸ், 1862இற் பிறந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லை. அவருடைய தம்பி பௌதிகவியல் கற்கச் சென்றார். நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு தமக்கை அடுப்படியில் நின்றார். பாத்திரம் கழுவிய நீரின் மேற்பரப்பு எண்ணெயும் அழுக்கும் பட்டு எவ்வாறு மாறுகிறது என்பதை அவர் கவனித்தார். நீர் நிரப்பிய ஒரு தகரத் தட்டின் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, மேற்பரப்பை ஒடுக்கியும் விரித்தும், ஒரு சிறு தட்டை நீரிலிருந்து பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசில் அளந்தார். பத்தாண்டுகள் வரை இதனை உள்ளூர் அறிஞர் எவரும் பொருட்படுத்தவில்லை. 1891இல் இங்கிலாந்திலிருந்த றெய்லி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். றெய்லி அதனை மொழிபெயர்ப்பித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிடச் செய்தார். பின்னாளில் அமெரிக்கரான லங்மூர் அத்தட்டின் வழிவந்த கருவியைக்கொண்டு மேற்பரப்பு இரசாயனத்தை வளர்த்து 1932இல் நோபெல் பரிசு பெற்றார். பொக்கெல்ஸுக்கு அதே ஆண்டில் ஒரு கௌரவ கலாநிதிப் பட்டம் கிடைத்தது. வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிரபு நல்லவராக இருந்தமையால் ஒரு கடிதம் பிழைத்தது. பிழைக்காத கடிதங்களை யார் எண்ணினார்?

இனி நம் மண்ணுக்கு வருவோம். கலேவெலயிலிருந்து தெற்கே, மாத்தளை நகரைச் சூழ்ந்த ஈரமான மலைச்சரிவுகளிலே றப்பர் மரங்கள் நிற்கின்றன. மென்சடத்துக்கு றப்பர்ப் பாலினும் சிறந்த எடுத்துக்காட்டில்லை. 1991இல் நோபெல் பரிசு பெற்ற பிரெஞ்சுக்காரரான தெ ஜேன், தம் பரிசுப் பேருரையில் முதலில் எடுத்துக்கொண்டதும் இதனையே. அமேசன் காட்டு மக்கள் அப்பாலைக் காலிற் பூசி உறையவிட்டுப் பாதணியாக்கினர். ஆனால் காற்றிலுள்ள ஒட்சிசன் தாக்க அது விரைவிற் சிதைந்துபோயிற்று. 1839இல் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதனை நிலைக்கச் செய்தார். நுணுகிப் பார்த்தால், ஏறத்தாழ இருநூறு கரி அணுக்களுக்கு ஒன்றுதான் கந்தகத்தோடு சேர்கிறது. அந்தச் சிறு தொகை முழுப் பொருளையும் மாற்றிவிடுகிறது.

இந்த இரசாயனத்தைக் கையால் அறிந்தவர் யார்? விடியுமுன் எழுந்து, மரம் நீர்செறிந்து நிற்கும் வேளையில், பட்டையை ஈர்க்களவு சீவி, பாலைச் சிரட்டையில் ஏந்துபவர். மழை பெய்தால் பால் நீர்த்துவிடும் என்பதும், நேரம் சென்றாற் சிரட்டையிலேயே உறைந்துவிடும் என்பதும், ஓரளவு அமோனியா இட்டால் உறையாது என்பதும், போமிக் அமிலம் இட்டால் உறையும் என்பதும் அவருக்குத் தெரியும். பாலிலுள்ள துணிக்கைகள் மின்னேற்றத்தினால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலம் அவ்வேற்றத்தைப் போக்கவே ஒன்றுசேர்கின்றன. பாடப்புத்தகம் அதனை ‘கூழ்மம்’ என்னும் அதிகாரத்திற் சொல்கிறது. பால் வெட்டுபவரின் அறிவும் அந்த அதிகாரமும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை.

1876இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ ஈராயிரம் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அங்கிருந்து தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களிற் பால் வெட்டியவர்களுட் பெருந்தொகையினர் இந்திய வம்சாவளித் தமிழர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 டிசம்பரில் இலங்கை மக்கள் சீனத்தோடு புகழ்பெற்ற றப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்று ஐந்தாண்டுகளுக்கு. ஏகாதிபத்தியத்தின் தடையை மீறிய செயலென்று நாம் அதனை இன்றும் போற்றுகிறோம், போற்றத்தக்கதே. ஆனால் நாட்டுக்கு அந்த அரிசியைக் கொண்டுவந்த பாலை வெட்டிய கைகளுட் பலவற்றுக்கு நாட்டில் ஒரு வாக்குக்கூட இருக்கவில்லை என்பதை நம் விழாப் பேச்சுகளில் எவரும் சொல்வதில்லை.

1945இற் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி இந்நாட்டின் பெரும் பேறு. கிராமத்து உழவனின் மகனைப் பேராதனைக்கு அனுப்பியது அதுவே. இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் பலர் அதன் பிள்ளைகள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில். இடையில் ஒரு தலைமுறை முழுவதும் போயிற்று. இன்றும் மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. வகுப்பு இருந்தால் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. பால் வெட்டுபவரின் மகள் றப்பரின் பௌதிகத்தை ஆராய விரும்பினால், அவள் கடக்கவேண்டிய தூரம் மைசூரிலிருந்து கேம்பிறிட்ஜுக்கு உள்ள தூரத்தினும் அதிகம்.

இப்போது கலேவெல மாணவனுக்கு நான் சொல்லக்கூடியது இது. உன் ஆய்வினால் என்ன பயன் என்று எவரேனும் கேட்டால், நாணிக் குனியாதே. பொய்யாக ஒரு பயனைக் கற்பித்துச் சொல்லவும் வேண்டாம். தெரியாது என்றே சொல். ஆனால் பட்டம் பெற்று, வெளிநாடு சென்று, திரும்பியோ திரும்பாமலோ ஒரு பதவியில் அமர்ந்தபின், உன் கடனைக் கேட்க வேறொருவர் வருவார். உன் இடத்துக்கு வந்திருக்கக்கூடிய, வரவிடப்படாத அந்தப் பெண் அவள். அவளுக்குச் செலுத்தவேண்டியதைத் திரவப் பளிங்கினாற் செலுத்த முடியாது. தெ ஜேன் நோபெல் பரிசு பெற்றபின், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிரான்சின் உயர்நிலைப் பாடசாலைகள் ஏறத்தாழ இருநூறுக்கு நேரிற் சென்று மாணவர்க்குத் தம் துறையைப் பற்றிப் பேசினார். நம் பல்கலைக்கழகப் பேராசிரியருள் எத்தனை பேர் ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்றிருக்கிறார்கள்? தமிழில் மென்சடம் பற்றி மாணவன் படிக்கக்கூடிய ஒரு சிறு நூலேனும் எழுத அவர்களை எது தடுக்கிறது?

ஆசிரியர்களாகிய நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பொக்கெல்ஸின் கருவி நம் கைக்கு எட்டியது. ஆழமற்ற ஒரு தகரத் தட்டில் விளிம்புவரை நீரை நிரப்பி, முகப்பூச்சுத் தூளை மெல்லத் தூவி, சவர்க்காரக் கரைசலில் ஒரு துளியை நடுவில் இடுங்கள். தூள் நாற்புறமும் விலகி ஓடும். வேறொரு தட்டில், நீரின் ஒரு பக்கத்தில் எண்ணெய் தடவிய ஊசிமுனையைத் தொட்டு, குறுக்கே வைத்த தகரப் பட்டையை நகர்த்தித் தூளின் நடத்தையை மாணவரே குறித்துக்கொள்ளட்டும். பரப்பிழுவிசை என்னும் அதிகாரத்தைச் சூத்திரத்தோடு தொடங்குவதற்கு முன் இதற்கு ஒரு பாடவேளை போதும். ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இதனையும் எவரும் செய்து காட்டப்போவதில்லை. ஆகவே அந்த நியமனங்களைக் கேட்டு, பாடசாலையின் பெயரையும் வெற்றிடத்தின் விபரத்தையும் குறித்து, நம் சங்கங்கள் வலயக் கல்வி அலுவலகங்களுக்கு எழுதவேண்டும். எழுதியதற்கு விடை வராவிடின் நேரிற் செல்லவேண்டும்.